பக்கத்து ஸ்விட்சில் உள்ள விலானுக்கு மல்டிகாஸ்ட் போகவில்லை, எம்ரூட்டில் இன்கமிங் 'நல்' என்று வருகிறது

விலான்_30:
இரண்டு சிஸ்கோ லேயர் 3 ஸ்விட்ச். ஏ ஸ்விட்சின் விலான் 10-இல் (விலான்: ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஐபிடிவி என்கோடர், 10.10.10.5. அனுப்புவது 239.1.1.10 என்ற மல்டிகாஸ்ட் குரூப்புக்கு (ஒரே ஸ்ட்ரீம், கேட்கும் எல்லாருக்கும்), போர்ட் 5000. பி ஸ்விட்சின் விலான் 30-இல் செட்டாப் பாக்ஸ்கள், 10.30.30.0/24. நடுவில் ஒரு ஃபைபர்: ஏ பக்கம் 172.16.1.1, பி பக்கம் 172.16.1.2, மேலே ஓஎஸ்பிஎஃப் (வழிகளைத் தானாகப் பரிமாறும் நெறிமுறை). ஆர்பி, அதாவது அனுப்புபவரும் கேட்பவரும் முதலில் சந்திக்கும் ரூட்டர், ஏ-யின் லூப்பேக் 10.255.255.1.

இரண்டிலும் ஐபி மல்டிகாஸ்ட்-ரூட்டிங் போட்டாச்சு. ஆர்பி முகவரியும் இரண்டிலும் ஒன்றே. விலான் 10, விலான் 30, ஃபைபர், லூப்பேக் நாலிலும் பிம் ஸ்பார்ஸ்-மோட் (கேட்டால் மட்டும் அனுப்பும் மல்டிகாஸ்ட் ரூட்டிங் முறை) இருக்கு. பிம் நெய்பர் தெரிகிறது. பாக்ஸிலிருந்து என்கோடருக்குப் பிங் போகிறது. விலான் 10-இல் மடிக்கணினி வைத்துப் பார்த்தால் படம் ஓடுகிறது. விலான் 30-இல் மட்டும் கறுப்புத் திரை. எங்கே பார்ப்பது?

ஸ்பார்ஸ்மோட்:
முதலில் டிடிஎல், ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் எண். என்கோடர் 1 என்று அனுப்பினால் அதே விலானில் ஓடும், ரூட்டரைத் தாண்டாது. அறிகுறி அச்சாக இப்படித்தான் இருக்கும். விஎல்சி வைத்து அனுப்பிச் சோதித்தாலும் தனியாகச் சொல்லாவிட்டால் 1-தான் போகும். நெட்வொர்க் சோதனைக் கருவி ஐபெர்ஃப் 2-உம் அப்படியே, டிடிஎல்லைக் கையால் ஏற்றணும். ஐபெர்ஃப் 3 இதற்கு உதவாது, அதில் மல்டிகாஸ்டே கிடையாது.

அது சரியாக இருந்தால் பாக்ஸ் பக்கமிருந்து என்கோடரை நோக்கி நடங்க. மல்டிகாஸ்ட்டில் மரம் கட்டுவது கேட்பவன்தான், அதனால் தேடலும் அங்கே தொடங்கணும். பி-யில் இந்த நாலையும் போடுங்க (ஐஜிஎம்பி: பாக்ஸ் குரூப்பைக் கேட்கும் செய்தி; எம்ரூட்: மல்டிகாஸ்ட் ரூட் அட்டவணை; ஆர்பிஎஃப்: மூலத்துக்குத் திரும்பும் வழியிலேயே பாக்கெட் வந்ததா என்ற சோதனை):

ஷோ ஐபி ஐஜிஎம்பி குரூப்ஸ்
ஷோ ஐபி எம்ரூட் 239.1.1.10
ஷோ ஐபி எம்ரூட் 239.1.1.10 கவுண்ட்
ஷோ ஐபி ஆர்பிஎஃப் 10.10.10.5

விலான்_30:
டிடிஎல் 32. ஐஜிஎம்பி குரூப்ஸில் 239.1.1.10 இருக்கு, கடைசியாகக் கேட்டது 10.30.30.20.

எம்ரூட்டில் ஸ்டார்-ஜி வரி (யார் அனுப்பினாலும் இந்தக் குரூப், ஆர்பி வழியாக) சரி: இன்கமிங் ஃபைபர், அவுட்கோயிங் விலான் 30. அதற்குக் கீழே 10.10.10.5 வரியில் "இன்கமிங் இன்டர்ஃபேஸ்: நல், ஆர்பிஎஃப் நெய்பர் 0.0.0.0". கவுண்ட்டில் ஃபார்வர்டிங் 0/0/0/0, அதர் 48210/48210/0.

புரியாதது கடைசிக் கட்டளைதான். "ஃபெயில்ட், நோ ரூட் எக்ஸிஸ்ட்ஸ்" என்கிறது. ரூட் இல்லாமல் பிங் எப்படிப் போகும்?

ஆர்பிஎஃப்_காரன்:
அந்த 48210/48210-இலேயே விடை இருக்கு சார். முதல் எண் தள்ளப்பட்ட மொத்தம், இரண்டாவது ஆர்பிஎஃப்பில் விழுந்தது. இரண்டும் ஒன்று, ஆக ஒரு பாக்கெட்கூட வேறு காரணத்துக்காக விழவில்லை. ஏ ஒழுங்காக அனுப்புகிறது, பாக்கெட் பி வரை வந்து சேருகிறது, பி வாசலில் வைத்துத் தள்ளுகிறது.

"நோ ரூட்" என்ற செய்தி பலரைச் சுற்ற விடும். ரூட்டே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ரூட் எந்த இன்டர்ஃபேஸைக் காட்டுகிறதோ அதில் பிம் இல்லாவிட்டாலும் இதே வரிதான் வரும். பி-யில் 'ஷோ ஐபி ரூட் 10.10.10.5' போட்டுப் பாருங்க. ஃபைபரைக் காட்டாது என்று நினைக்கிறேன்.

விலான்_30:
ஆமாம், காட்டவில்லை. 10.10.10.0/24-க்குக் கையால் எழுதிய ஒரு ஸ்டாட்டிக் ரூட், 172.16.99.1 வழியாக. அது ஃபயர்வால், விலான் 99. அங்கே பிம் போடவில்லை.

ஆர்பிஎஃப்_காரன்:
ஓஎஸ்பிஎஃப்பும் அதே /24-ஐத்தான் சொல்கிறது, ஆனால் அதன் டிஸ்டன்ஸ் 110 (குறைந்த எண்தான் ஜெயிக்கும்). ஸ்டாட்டிக் 1. ஸ்டாட்டிக் ஜெயித்துவிட்டது. பிங் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போய் வருவதால் யாருக்கும் உறைக்கவில்லை.

நடப்பது இது: பாக்ஸ் கேட்டதும் பி, ஆர்பியை நோக்கி ஜாயின் அனுப்புகிறது. ஆர்பிக்கு வழி ஃபைபர், அதனால் ஸ்டார்-ஜி சரி. முதல் பாக்கெட் வந்ததும் மூலம் யார் என்று பி-க்குத் தெரிகிறது. உடனே நேர் மரத்துக்கு (ஆர்பியைச் சுற்றாமல் மூலத்திடமிருந்தே வரும் வழி) மாறப் பார்க்கிறது, 10.10.10.5-க்கான வழியைத் தேடுகிறது, பிம் இல்லாத விலான் 99-இல் போய் முட்டுகிறது. அதன்பின் ஃபைபர் வழியே வரும் எல்லாமே தப்பான வாசலில் வந்த பாக்கெட்தான்.

ஃபயர்வால் வழி யூனிகாஸ்ட்டுக்கு (ஒருவருக்கு ஒருவர் போகும் சாதாரணப் போக்குவரத்து) அவசியம் இல்லை என்றால் ஸ்டாட்டிக்கை எடுத்துவிடுங்க. ஆனால் யாரோ காரணத்தோடு போட்டிருக்கலாம், எடுத்த நிமிஷமே விலான் 10 போக்குவரத்து ஃபயர்வாலுக்குள் போகாமல் நேரே ஃபைபரில் போய்விடும். கேட்டுவிட்டுச் செய்யுங்க. அது இருக்கட்டும் என்றால் பி-யில் ஒரே வரி போதும்:

ஐபி எம்ரூட் 10.10.10.0 255.255.255.0 172.16.1.1

இது ஆர்பிஎஃப் தேடலுக்கு மட்டும். யூனிகாஸ்ட் அப்படியே இருக்கும். பிறகு 'கிளியர் ஐபி எம்ரூட் 239.1.1.10'.

செய்யக் கூடாதது: விலான் 99-இல் பிம்மைப் போட்டுப் பார்ப்பது. 'நோ ரூட்' மறையும், படம் வராது. ஜாயின் ஃபயர்வாலுக்குப் போகும், அங்கே அதைக் கேட்க ஆள் இல்லை.

ஸ்பார்ஸ்மோட்:
'ஐபி பிம் எஸ்பிடி-த்ரெஷோல்ட் இன்ஃபினிட்டி' போட்டாலும் படம் வந்துவிடும், நேர் மரத்துக்கே மாறாது என்பதால். சிலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாளைக்கு ஆர்பியை வேறு ஸ்விட்சுக்கு மாற்றினால் எல்லா ஸ்ட்ரீமும் அதைச் சுற்றித்தான் வரும், அதனால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரியானதும் எம்ட்ரேஸ் ஓட்டிப் பாருங்க: முதலில் மூலம், அடுத்து பாக்ஸ், கடைசியில் குரூப். சாதாரண ட்ரேஸ்ரூட்டுக்குத் தலைகீழ், பாக்ஸிலிருந்து மூலத்தை நோக்கி ஏறும்.

விலான்_30:
ஸ்டாட்டிக்கை எடுக்க அனுமதி இல்லை. எம்ரூட் வரி போட்டேன், படம் வந்துவிட்டது. இன்கமிங் ஃபைபர், நெய்பர் 172.16.1.1, ஃப்ளாக் ஜேடி (நேர் மரத்தில் ஓடுகிறது). நன்றி சார்.

இன்னும் இரண்டு. மேசையில் ஒரு சின்ன ஸ்விட்ச், என்கோடரும் பாக்ஸும் ஒரே விலான், ரூட்டர் கிடையாது: படம் நாலு நிமிஷம் சொச்சம் ஓடி நின்றுபோகிறது. அடுத்தது, 239.128.0.5-இல் வைத்த சேனல் கேட்காத போர்ட்டுகளுக்கும் பாய்கிறது, ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்ப ஸ்விட்ச் ஐஜிஎம்பியைக் கவனிப்பது) ஆன்-இல் இருந்தும்.

ஸ்பார்ஸ்மோட்:
முதலாவதை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்க, 4 நிமிஷம் 20 விநாடியை ஒட்டி நிற்கும். 125 விநாடிக்கு ஒரு குவெரி (யாருக்கு இன்னும் வேணும் என்ற கேள்வி), இரண்டு மடங்கு, பதிலுக்கு 10 சேர்த்தால் 260. குவெரி கேட்க யாரும் இல்லை, பாக்ஸ் மறுபடி வாய் திறக்கவில்லை, ஸ்னூப்பிங் போர்ட்டை வெட்டிவிட்டது. அந்த ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியரை ஆன் பண்ணுங்க. குவெரிக்கு ஒரு ஐபி முகவரி வேணும், அதையும் கொடுங்க. விலான் 30-இல் இது வராது, பிம் போட்ட இன்டர்ஃபேஸே குவெரியராக இருக்கும்.

ஆர்பிஎஃப்_காரன்:
இரண்டாவது, முகவரித் தேர்வின் தப்பு. மல்டிகாஸ்ட் ஐபியின் கடைசி 23 பிட்தான் ஸ்விட்ச் பார்க்கும் மேக் முகவரிக்குள் போகும், 5 பிட் தொலைந்துபோகும். அதனால் 32 குரூப்புகளுக்கு ஒரே மேக். 239.128.0.5-க்கும் 224.0.0.5-க்கும் மேக் ஒன்றே; 224.0.0.5 ஓஎஸ்பிஎஃப்புடையது. 224.0.0-இல் தொடங்கும் எதையும் ஸ்னூப்பிங் வெட்டாது, மேக்கைப் பார்த்து அனுப்பும் ஸ்விட்ச் உங்கள் சேனலையும் அந்தக் கணக்கில் சேர்த்து எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டும். சில ஸ்விட்சுகளில் சிபியுவுக்கும் போகும். அப்போது ஓஎஸ்பிஎஃப் நெய்பரே ஆட்டம் காணும்.

239.0.0, 239.128.0 இரண்டையும் தொடாதீங்க. அந்தச் சேனலை 239.1.1.11-க்கு மாற்றுங்க.

விலான்_30:
மாற்றினேன். கேட்காத போர்ட்டுகளில் விளக்கு அடங்கிவிட்டது. மேசை ஸ்விட்சில் குவெரியர் போட்டு 20 நிமிஷம் ஆச்சு, ஓடிக்கொண்டே இருக்கு.