கடலில் சிக்னல் கோடு தெரிந்தும் அழைப்பு போகாதது ஏன்?

கேள்வி:
நாகப்பட்டினத்திலிருந்து விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் என் சித்தப்பாவுடன் சென்ற வாரம் நானும் கடலுக்குப் போயிருந்தேன். கரையை விட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வந்த பிறகும் அலைபேசியில் சிக்னல் இரண்டு கோடு காட்டியது. ஆனால், வீட்டுக்கு எத்தனை முறை அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. இதற்கு என்ன காரணம்?

பதில் 1:
கோபுரம் அனுப்பும் அலை உங்கள் கருவிக்கு எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே அந்தக் கோடுகள் காட்டுகின்றன. உங்கள் கருவி அனுப்புவது கோபுரத்தை எட்டுகிறதா என்பதை அவை சொல்வதில்லை. கோபுரம் பல பத்து வாட் திறனில் அனுப்ப, 4ஜி அலைபேசியோ பொதுவாக 0.2 வாட்டுக்கு மேல் அனுப்புவதில்லை. கோபுரத்தின் ஏற்பிகள் மிக மெல்லிய அலையையும் உணரக்கூடியவை என்பதால் ஊருக்குள் இந்த ஏற்றத்தாழ்வு தெரிவதில்லை. அந்த நேரத்தில் வேறு யாரும் உங்களை அழைத்திருந்தாலும் மணி அடித்திருக்காது. ஏனெனில், கோபுரத்தின் கூப்பாட்டுக்கு அலைபேசி மறுமொழி தந்து, அது போய்ச் சேர்ந்த பிறகே மணி அடிக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆனால், கருவி 2ஜிக்கு மாறியிருந்தால் வலுவைவிட நேரமே தடையாக இருந்திருக்கும். 2ஜி இயங்கும் ஜிஎஸ்எம் முறையில், வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவதைப் போல, ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் ஆளுக்கு 577 மைக்ரோவிநாடி என மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். தொலைவிலிருந்து வரும் அலை தாமதமாகி அடுத்தவர் முறைக்குள் விழாதிருக்க, சற்று முன்கூட்டியே அனுப்புமாறு கோபுரம் அந்தக் கருவிக்குச் சொல்லும். அந்த முன்கூட்டலுக்கு 63 படிகளே உண்டு; ஒரு படிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் என்றால் மொத்தம் 35 கிலோமீட்டர். கோபுரம் கரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே இருந்திருந்தால் நீங்கள் அந்த எல்லையைத் தொட்டிருப்பீர்கள். 4ஜியில் இந்த வரம்பு 100 கிலோமீட்டர் வரை நீள்கிறது.

பதில் 3:
வரம்பு நீண்டாலும் பூமியின் வளைவு விடாதே! 40 மீட்டர் உயரக் கோபுரத்தின் அலை, கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் உள்ள அலைபேசியை நேர்கோட்டில் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வரைதான் எட்டும். படகின் அறைக்கூரை மேல் ஏறி 6 மீட்டர் உயரத்தில் பிடித்தால் இன்னும் நான்கு கிலோமீட்டர் கிடைக்கும். இருந்தாலும், அவசரத்துக்கு அலைபேசியை நம்பாமல், கோபுரமே தேவைப்படாத வி.எச்.எஃப். வானொலிக் கருவியில் அவசர அழைப்புக்கென உள்ள 16ஆம் சேனலைப் பயன்படுத்தச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.