வைரப் படலத்தில் ஆல்ஃபா எண்ணிக்கை இருபது நிமிடத்தில் சரிகிறது: படலம் கெட்டுவிட்டதா?

பாளை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இயற்பியல் ஆய்வு செய்கிறேன். செயற்கையாக வளர்த்த பல்படிக (சிறு படிகத் துகள்கள் பல சேர்ந்த) வைரப் படலத்தில் கதிரியக்க உணரி ஒன்று செய்திருக்கிறேன். ஒரு சென்டிமீட்டர் சதுரம், 300 மைக்ரான் தடிமன். இரு பக்கமும் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்தேன். இருட்டுப் பெட்டிக்குள் வைத்து 300 வோல்ட் கொடுத்து, ஆல்ஃபா துகள்களை வெளியிடும் அமெரிசியம்-241 மூலத்தை ஐந்து மில்லிமீட்டர் தள்ளி வைக்கிறேன்.

தொடக்கத்தில் நொடிக்கு 40 துடிப்புகள் வருகின்றன. இருபது நிமிடத்தில் 12 ஆகிவிடுகிறது. நேற்று மின்னழுத்தத்தை நிறுத்தி, பெட்டியைத் திறந்தபடியே விட்டுச் சாப்பிடப் போனேன். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. வந்து பார்த்தால் மறுபடியும் 40. பிறகு அதே சரிவு. கசிவு மின்னோட்டமும் (துகள் எதுவும் விழாதபோதே ஓடுவது) 40 நானோ ஆம்பியர் இருக்கிறது. சாரல் விழும் நாளில் இன்னும் ஏறுகிறது. "மட்டமான படலம், தூக்கிப் போடு" என்கிறார்கள். எட்டு மாதம் காத்திருந்து வாங்கியது, மனம் வரவில்லை.

தாழையூத்து அண்ணாச்சி:
தூக்கிப் போடாதே தங்கச்சி. முதலில் கசிவைப் பார்ப்போம். 300 வோல்ட்டுக்கு 40 நானோ ஆம்பியர் என்றால் தடை 750 கோடி ஓம்தான். நல்ல வைரத்தின் உடல் வழியாக இத்தனை மின்னோட்டம் போகாது. உன் அளவுக்கு ஒரு நானோ ஆம்பியருக்கும் கீழேதான் இருக்க வேண்டும். சாரலோடு சேர்ந்து ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது: மின்னோட்டம் மேற்பரப்பில் ஓடுகிறது. ஹைட்ரஜன் சூழலில் வளர்வதால் வைரத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும். காற்றின் ஈரமும் சேர்ந்தால் அந்தத் தோல் மின்சாரம் கடத்தும். தங்கம் விளிம்பு வரை போகிறதா?

பாளை மாணவி:
விளிம்புக்கு அரை மில்லிமீட்டர்தான் விட்டிருக்கிறேன் அண்ணாச்சி.

தாழையூத்து அண்ணாச்சி:
அதுதான். இப்போதைக்குச் செலவில்லாத சோதனை ஒன்று செய். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, 100 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஆறவிடு. கையால் தொடாதே, இடுக்கியால் எடு. கசிவு விழுந்தால் ஈரம்தான் குற்றவாளி. அடுத்த முறை தங்கத்தை நடுவில் ஐந்து மில்லிமீட்டர் வட்டமாக மட்டும் போட்டு, மேற்பரப்பில் ஓடும் கசிவைத் தனியே பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் தங்கத்தாலேயே காப்பு வளையம் ஒன்று போடு. வெறும் தங்கம் வைரத்தில் சரியாக ஒட்டாது. அடியில் மெல்லிய டைட்டானியமோ குரோமியமோ வேண்டும். குரோமிக் அமிலத்தில் கொதிக்கவைத்து மேற்பரப்பை ஆக்சிஜன் பிடிக்கச் செய்வதுதான் முறையான வழி. ஆனால் அது பொல்லாத அமிலம், ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் கூண்டு இல்லாமல் தொடாதே.

பொருநைக்கரை (ஓய்வு பெற்ற ஆசிரியர்):
எண்ணிக்கை சரிவுக்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா. உங்கள் படலம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த டியூப்லைட்டே சாட்சி.

அமெரிசியத்தின் ஆல்ஃபா 5.486 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. வைரத்தில் ஓர் எலக்ட்ரான்-துளை இணை (விடுபட்ட எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமும்) பிறக்க ஏறக்குறைய 13 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஆல்ஃபாவும் நான்கு லட்சத்துக்கு மேல் இணைகளை உண்டாக்குகிறது. பல்படிகத்தில் படிகத் துகள்களின் எல்லைகளில் பொறிகள், அதாவது மின்துகள்களை அடைத்து வைக்கும் குறைகள், ஏராளம். ஆகவே பிறந்த மின்னூட்டத்தில் ஒரு பகுதிதான் வந்து சேரும். ஆல்ஃபாவோ வைரத்துக்குள் பதினைந்து மைக்ரான்கூடப் போகாது. அந்த மெல்லிய அடுக்கிலிருந்து ஒரு வகை மின்துகள் முன்பக்க மின்முனையிலேயே சேர்ந்துவிடும், மற்றது 300 மைக்ரானையும் கடக்க வேண்டும். வழியில் பொறிகளில் அடைபட்டவை சேர்ந்து, நீங்கள் கொடுக்கும் புலத்துக்கு எதிரான புலத்தை எழுப்புகின்றன. மின்முனைவாக்கம் என்பது இதுதான். மூலம் குறையவில்லை. துடிப்பின் உயரம் குறைந்து, எண்ணியின் வரம்புக்குக் கீழே நழுவுகிறது. ஒளி பட்டதும் அடைபட்டவை விடுபடுகின்றன, நீங்கள் மறுபடி 40 பார்க்கிறீர்கள்.

அந்த எதிர்ப்புலம் சேராதபடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மின்னழுத்தத்தின் திசையை மாற்றிப் பாருங்கள். ஸ்ட்ரான்சியம்-90 பீட்டா மூலம் உங்கள் துறையில் இருந்தால், கதிர்ப் பாதுகாப்புப் பொறுப்பாளரின் அனுமதியோடு படலத்தைச் சில மணி நேரம் அதன் முன் வையுங்கள். பீட்டா படலத்தை முழுக்க ஊடுருவிப் போவதால் பொறிகளைச் சீராக நிரப்பும். அதன்பின் ஒளி படக்கூடாது. உங்களுக்கு உதவிய அதே வெளிச்சம் அந்த வேலையைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று: லென்ஸில் பாருங்கள். கற்கண்டுத் தூள் போல மினுங்கும் பக்கம்தான் வளர்ச்சிப் பக்கம். கண்ணாடி போல வழவழப்பாக இருப்பது தொடக்கப் பக்கம், அங்கே துகள்கள் மிகச் சிறியவை, பொறிகள் அதிகம். ஆல்ஃபா எந்தப் பக்கம் விழுகிறது? (இரு பக்கமும் மெருகேற்றிய படலம் என்றால் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது.)

உவரி வாசகர்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறதே, அதை இந்த உணரியில் அளக்கலாமா?

பொருநைக்கரை:
அதற்கு இது பொருந்தாது ஐயா. வைரம் வெறும் கார்பன், அணு எண் 6. காமாக் கதிர்கள் பெரும்பாலும் படாமலே கடந்துபோகும். மணலுக்குச் சோடியம் அயோடைடு மிளிர்வு உணரிதான் சரி. கதிர்வீச்சு கடுமையாக உள்ள இடத்தில்தான் வைரம் நிலைத்து நிற்கும். ஜெனீவாவின் செர்ன் முடுக்கியில் துகள் கற்றைக்கு அருகே வைத்திருப்பது அதனால்தான். கார்பன் உடல் திசுவுக்கு நெருக்கமானது என்பதால் புற்றுநோய்க் கதிர் சிகிச்சையின் அளவீட்டிலும் பயன்படுகிறது.

பாளை மாணவி:
ஐயா, அண்ணாச்சி, இருவருக்கும் நன்றி. இரவு முழுக்க உலர்த்திய பின் கசிவு 0.6 நானோ ஆம்பியருக்கு வந்துவிட்டது! லென்ஸில் பார்த்தேன். கற்கண்டுப் பக்கம் கீழே இருக்கிறது, இத்தனை நாளும் வழவழப்பான பக்கத்தில் ஆல்ஃபாவை விழவிட்டிருக்கிறேன். இன்று திருப்பி வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றி அளந்தேன். காலை பத்திலிருந்து மதியம் வரை நொடிக்கு 37-க்குக் கீழே இறங்கவில்லை. பீட்டா மூலத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.