புதுப்பிப்பு: ட்யூப் சிவந்துபோன பழைய ஆம்ப்

போன பதிவில் சொன்ன கிடார் ஆம்ப் (கிடாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) நினைவிருக்கும்: ஓயாத உறுமல், பத்து நிமிடத்தில் சிக்னலைப் பெருக்கும் இரண்டு 6வி6 வெற்றிடக் குழாய்களில் (ட்யூப்களில்) ஒன்றின் பிளேட், அதாவது உள்ளே இருக்கும் உலோகத் தகடு, செக்கச்சிவந்துவிடும். மின்சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களை மாற்றியதும் உறுமல் போய்விட்டது. சிவப்பு மட்டும் போகவில்லை. ட்யூப்தான் கெட்டது என்று நினைத்து இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் அதே சாக்கெட்டில்தான் சிவந்தது.

சரி என்று அந்தச் சாக்கெட்டின் 5ஆவது பின்னில், அதாவது ட்யூபில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில், மீட்டரை வைத்தேன். இது கேத்தோடு பயாஸ் ஆம்ப் (கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே ட்யூபின் மின்னோட்டத்தை அளவில் வைக்கும்); கிரிட்டில் கிட்டத்தட்ட 0 வோல்ட் இருக்க வேண்டும். இருந்தது 4 வோல்ட், பாசிட்டிவ். ட்யூபைக் கழற்றிய பிறகும் அது இறங்கவில்லை. அப்போதே புரிந்துவிட்டது: முந்தைய பெருக்க நிலையிலிருந்து சிக்னலை மட்டும் விட்டு டிசியை (நேர்மின்சாரத்தை) தடுக்க வேண்டிய 0.022 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர் டிசியைக் கசியவிடுகிறது; அதனால்தான் ட்யூப் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்துச் சிவக்கிறது. வெளியே பார்க்கப் புதிது போல இருந்தது, மெழுகுகூட உருகவில்லை!

630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டேன். இன்னொரு ட்யூபின் கப்ளிங் கெபாசிட்டரும் அதே வயதுதானே, அதையும் மாற்றிவிட்டேன். இப்போது கிரிட்டில் சில மில்லிவோல்ட்தான். இருட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன்; ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்தச் சத்தம், அப்பா, அவ்வளவு தெளிவு.

இதைச் செய்பவர்கள் தயவுசெய்து ப்ளக்கைப் பிடுங்கியதோடு நிற்காதீர்கள். ஃபில்டர் கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அடுத்து கரகரக்கும் வால்யூம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு).