பொருள்: மறு: மறு: ‘பிரேக்த்ரூ பெயின்’ – ‘மீறுவலி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் வைத்துப் பார்க்கப்படும் புற்றுநோயாளிகளின் குடும்பத்தாருக்காக ஒரு வலிக் கையேடு எழுதுவதாகவும், அதில் ‘பிரேக்த்ரூ பெயின்’ (வேளை தவறாமல் எடுக்கும் வலிமருந்தையும் தாண்டி வரும் வலி) வரும் இடத்தில் என்ன சொல் போடுவது என்றும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார். அதன் பிறகு மடல் மேல் மடலாக வந்துகொண்டிருக்கிறது. நான் வலித்தணிப்பு வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது செவிலிய மாணவிகளுக்கு வகுப்பெடுப்பவள். சொல்லாக்க இலக்கணம் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கட்டிலருகே இந்தச் சொல் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். அதிலிருந்து சொல் வருகிறதா பார்ப்போம்.

> ‘தாங்க முடியாத திடீர் வலி’ என்று விளக்கமாகவே எழுதிவிட்டால் போதாதா?

போதாது ஐயா. மாரடைப்பும் திடீர் வலிதான், சிறுநீரகக் கல்லும் திடீர் வலிதான். இந்த வலிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. நோயாளி ஏற்கெனவே வேளை தவறாமல் வலிமருந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்; அடியில் எந்நேரமும் இருக்கும் வலி அந்த மருந்தில் ஓரளவு அடங்கியும் இருக்க வேண்டும். அதையும் தாண்டி ஒரு வலி கிளம்பி, கொஞ்ச நேரம் ஆட்டிவைத்துவிட்டுத் தணிந்தால், அதற்குத்தான் இந்தப் பெயர். போர்ட்டினாய், ஹேகன் என்ற மருத்துவர்கள் இருவரும் 1990இல் எழுதிய கட்டுரையின் வரையறையும் ஏறக்குறைய இதுவே: அடிவலி மிதமாகவோ அதற்குக் கீழோ இருக்கையில், அதற்கு மேல் கடுமையாக எழுந்து அடங்கும் வலி. அடிவலியே அடங்காதவருக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அவருக்கு வேளை மருந்தே பற்றவில்லை என்று அர்த்தம். அளவைக் கூட்டச் சொல்லி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மூன்று நோயாளிகள் ஒரே மாதிரி ‘வலி தாங்கல சிஸ்டர்’ என்பார்கள். மூவருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

மார்ஃபின் மாத்திரையைப் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்போம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்று இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பாக. இப்போது ஒரு அம்மாவின் கேஸ் ஷீட்டைப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு ‘வலி 7’ (பத்துக்கு ஏழு). மதியம் ஒன்றரைக்கு ‘வலி 7’. மாலை ஐந்தரைக்கு ‘வலி 8’. எழுதியது வேறு வேறு ஷிப்ட் ஆட்கள், ஒவ்வொருவரும் ஒரு எஸ்.ஓ.எஸ். மாத்திரை (வலி வந்தால் மட்டும் கூடுதலாகக் கொடுப்பது) கொடுத்திருக்கிறார்கள். எண்களை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் படித்தால் விஷயம் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அடுத்த மாத்திரைக்கு அரை மணி முன்னால்தான் வலி வருகிறது, அதாவது மருந்து நான்கு மணி நேரம் தாங்கவில்லை. எஸ்.ஓ.எஸ். கொடுத்துக்கொண்டே போவதில் பயனில்லை. வேளை மருந்தைத்தான் சரிசெய்ய வேண்டும். இதை பிரேக்த்ரூ கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் கூடாது கட்சி.

அடுத்தவர் முதுகெலும்பில் புற்று பரவிய ஒரு தாத்தா. மல்லாந்து படுத்திருக்கும்போது கேட்டால் ‘பரவால்லம்மா’ என்பார். எண் 2. பெட்ஷீட் மாற்ற ஒரு பக்கமாகத் திருப்பும்போது பாருங்கள்: கட்டில் கம்பியைப் பிடித்த விரல் வெளுத்துப்போகும், மூச்சை அடக்கிக்கொள்வார், கால்விரல் மடங்கும். திரும்பப் படுக்கவைத்துச் சற்று நேரம் கழித்துக் கேட்டால் மறுபடியும் ‘பரவால்ல’. கேஸ் ஷீட்டில் அன்று முழுக்க 2 என்றே இருக்கும். அதனால்தான் மாணவிகளிடம் படுத்திருக்கையில் ஓர் எண், அசைகையில் ஓர் எண் என்று இரண்டும் எழுதச் சொல்கிறேன்.

இவருக்கு வலி வந்தபின் மாத்திரை கொடுப்பதில் அதிகப் பலன் இல்லை. இந்த மாதிரி வலி சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். வாய்வழி மார்ஃபின் வேலையைத் தொடங்கவே இருபது முப்பது நிமிடம், உச்சம் தொட ஒரு மணி நேரம் பிடிக்கும். மருந்து வந்து சேரும்போது வலி போயிருக்கும், மிச்சம் தூக்கம்தான். வெளிநாடுகளில் மூக்கில் அடிக்கிற, கன்னத்தோரம் கரைகிற ஃபென்டனில் என்ற வலிமருந்து வகைகள் வந்ததே இந்த நேரக் கணக்கை ஈடுகட்டத்தான். நம்மிடம் உள்ள மாத்திரையை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது, குளிப்பாட்டலுக்கோ புண் கட்டு மாற்றுவதற்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகவே கொடுத்துவிடுவது. அப்புறம், இரண்டு பேராகச் சேர்ந்து உடம்பை முறுக்காமல் ஒரே கட்டையாகத் திருப்புவது, முழங்கால் நடுவே தலையணை வைப்பது. திருப்புவதற்கும் தலையணைக்கும் டாக்டர் சீட்டு வேண்டாம்.

மூன்றாமவருக்குக் காரணமே தெரியாமல், உட்கார்ந்த இடத்தில் ‘சுரீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி’ வரும். அந்தச் சொல்லாட்சி காதில் விழுந்தாலே நரம்பு வலியாக இருக்குமோ என்று யோசித்து, வேறு வகை மருந்து தேவையா என்று கேட்க வேண்டும். வலி ஆய்வாளர் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரலில் 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார். நம்மவர்களிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை: குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, காந்தல், பிசையிறது, விண்விண்ணுனு தெறிக்குது, சுள்ளுனு இழுக்குது, மதமதன்னு இருக்கு. இவற்றை ‘வலி +’ என்று சுருக்கி எழுதுகிற பழக்கம்தான் எனக்குப் பிடிக்காத ஒன்று. (எண் கேட்பதிலும் சிக்கல் உண்டு. ‘பத்துக்கு எத்தனை’ என்றால் மார்க் கேட்கிறோம் என்று நினைத்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘முழு ரூபாய் வலின்னா இப்ப எத்தனை காசு?’ என்று கேட்டால் பாட்டிமார் சட்டென்று ‘முக்கால் ரூபா’ என்பார்கள்.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். இதுவரை குழுவில் வந்தவை:

‘திருப்புமுனை வலி’. இது ஏதோ மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்தது என்று நினைக்கிறேன். கண்டுபிடிப்புக்குச் சொல்கிற பொருளை எடுத்து வலியில் ஒட்டிவிட்டது. இதோடு விட்டுவிடுவோம்.

‘முறிவலி’. எலும்பு முறிந்த வலி என்றுதான் படிப்பார்கள். அதுவும் எலும்பில் பரவிய நோயாளியின் வீட்டில் இந்தச் சொல்லைக் கொடுத்தால், எங்கே முறிந்தது என்று பதறிப் போன் வரும்.

‘ஊடுருவு வலி’. துளைப்பது போன்ற வலி என்று ஆகிவிடுகிறது. வலியின் தன்மை வேறு, அது வரும் விதம் வேறு.

‘இடைவலி’. எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இடுப்பு வலி என்று படிக்காத ஆளே இருக்காது.

‘பீறுவலி’ எனக்கு ஓரளவு பிடித்தது. கேட்டதும் ரத்தம் பீறிடுவது நினைவுக்கு வருவதால் கையேட்டில் வேண்டாம் என்கிறேன்.

நான் முன்வைப்பது ‘மீறுவலி’. இது என் கற்பனை இல்லை. நோயாளியின் மகளோ மருமகளோ போனில் சொல்வதே இப்படித்தான்: ‘மாத்திரை போட்டும் அதையும் மீறி வலிக்குது சிஸ்டர்.’ அந்த ‘அதையும்’ இருக்கிறதே, அதில்தான் முன்நிபந்தனை முழுவதும் அடங்கியிருக்கிறது. மீற ஏதாவது ஒன்று இருந்தால்தானே மீற முடியும்? மருந்தே போடாதவருக்கு மீறுவலி வராது, வலிதான் வரும். வினைத்தொகையாக இருப்பதால் மீறிய, மீறுகிற, மீறும் மூன்றுக்கும் பொருந்துகிறது. நேற்று வந்ததைக் குறித்துவைக்கவும், நாளைக் கட்டு மாற்றும்போது வரப்போவதற்கு முன்கூட்டி மருந்து கொடுக்கவும் ஒரே சொல் போதும்.

> ‘மீறல்’ என்றாலே விதிமீறல், உரிமைமீறல் என்று குற்ற வாடை அடிக்கிறதே?

பேராசிரியர் ஐயா எழுப்பிய இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வார்டில் குற்ற உணர்ச்சி உண்மையிலேயே ஒரு பிரச்சினை. கூடுதல் மாத்திரை கேட்கவே நோயாளிகள் கூசுவார்கள், ‘பழகிடுமோ’ என்று வீட்டார் ஒளித்து வைப்பார்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்திருப்பதே வம்பு என்று பல மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொண்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி உரிம நடைமுறையை எளிதாக்கியும் அந்தப் பயம் முழுவதும் விடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நோயாளியைக் குற்றவாளி ஆக்கும் சொல் கூடாது என்பது சரிதான். ஆனால் இங்கே எழுவாய் வலி. மீறுவது நோயாளி அல்ல. ‘கைமீறிப் போச்சு’, ‘சக்திக்கு மீறி’ என்று சொல்லும்போது யாரும் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. ‘எனக்கு மீறுவலி வந்தது, அதனால் மாத்திரை கேட்டேன்’ என்று சொல்ல முடிந்தால், ‘சும்மா சும்மா மாத்திரை கேக்குறாரு’ என்ற பேச்சு கொஞ்சம் குறையும் என்பது என் நம்பிக்கை. ‘மீறல் வலி’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் நீங்கள் சொல்லும் வாடை வரும். அதனால் ‘மீறுவலி’ என்றே நிறுத்திக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்துத் தாதிய அக்கா, தங்கள் பக்கத்தில் ‘நோ’, ‘நோகுது’ என்பதே பேச்சு என்றும், ‘வலி’ என்றால் சிலருக்கு வலிப்பு நினைவு வரும் என்றும் எழுதியிருந்தார். அதற்கும் ‘மீறுநோ’ இடம் கொடுக்கிறது. அகராதிப் பதிவில் இரண்டையும் போட்டுவிடலாம். வட மாவட்டங்களிலும் ‘தலை நோவுது’ என்பவர்கள் உண்டு, அதனால் இது இலங்கைக்கு மட்டுமான சலுகையும் இல்லை.

இழையில் கிளையாக ஓடும் ‘பெயின் அசெஸ்மென்ட்’ (நோயாளியின் வலி எப்படி, எவ்வளவு என்று அறிவது) பற்றிச் சுருக்கமாக. ‘வலி அளவீடு’ வேண்டாம். அளவுகோல் அதில் ஒரு பகுதிதான். செவிலியரான மார்கோ மெக்காஃப்ரி 1968இலேயே, வலி என்பது அதை அனுபவிப்பவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் என்று எழுதிவிட்டார். சொல்ல முடியாதவர்களும் இருக்கிறார்கள். மறதிநோய் முற்றியவரிடம் மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து முடிவு செய்கிறோம். இதில் கேட்பது, பார்ப்பது, மருந்துக்குப் பிறகு திரும்பக் கேட்பது எல்லாம் அடக்கம். ‘வலியறிதல்’ என்றால் எனக்குச் சம்மதம். ‘வலி மதிப்பீடு’ என்றாலும் சண்டை போடமாட்டேன்.

கடைசியாக ‘ரெஸ்க்யூ டோஸ்’, அதாவது வலி மீறும்போது வேளை மருந்துக்கு மேல் கொடுக்கும் மாத்திரை. ‘மீட்பு டோஸ்’ என்றால் வெள்ளத்தில் சிக்கியவருக்குக் கொடுப்பது மாதிரி இருக்கிறது. கேஸ் ஷீட்டிலும் மருந்துக் கடையிலும் எஸ்.ஓ.எஸ். என்பதே புழங்குகிறது, கையேட்டிலும் அப்படியே இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலுக்கு வேண்டுமானால், ‘வேளைமருந்து’ என்பதற்கு இணையாக ‘இடைமருந்து’ என்று வைக்கலாம். இடைவலிக்குச் சொன்ன குறை இதற்கு வராது, இடுப்புக்குப் பூசும் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பதிவு இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன், கை வையுங்கள்:

மீறுவலி (பெ.; இலங்கை வழக்கு: மீறுநோ): வேளைமருந்தால் அடிவலி அடங்கியிருக்கும் நோயாளிக்கு, அந்த அடக்கத்தை மீறிக் கடுமையாக எழுந்து சிறிது நேரத்தில் தணியும் வலி. அசைவு, இருமல், கட்டு மாற்றுதல் போன்றவற்றால் வருவது தூண்டிய மீறுவலி. காரணம் புலப்படாமல் வருவது தானெழு மீறுவலி. அடுத்த வேளைக்குச் சற்று முன் தவறாமல் வரும் வலி இதில் சேராது. அது வேளைமுடிவு வலி.

கையேட்டில் இதன் கீழே இன்னும் இரண்டு மூன்று வரி கட்டாயம் வேண்டும் தங்கை. மார்ஃபின் எடுப்பவருக்கு இடைமருந்தின் அளவு வழக்கமாக ஒரு நாள் மொத்த மார்ஃபினில் ஆறில் ஒரு பங்கு. நாளுக்கு 60 மி.கி. என்றால் 10 மி.கி. இதை டாக்டர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், வீட்டில் கணக்குப் போடக் கூடாது. கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து வலி எப்படி இருக்கிறது என்று மறுபடி கேட்டு, நேரத்தோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள். நாளில் மூன்று நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டருக்கோ வீட்டுக்கு வரும் செவிலியருக்கோ தெரிவிக்க வேண்டும். கூப்பிட்டால் கண் திறக்காத அளவுக்கு மயக்கமாக இருந்தால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். மூச்சு மந்தமாவதற்கு முன் மயக்கம்தான் முதலில் தெரியும். மார்ஃபினோடு சேர்த்துக் கொடுக்கும் மலச்சிக்கல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள், எல்லோரும் அதைத்தான் முதலில் விடுவார்கள்.

‘தானெழு’ என்பது எனக்கே சற்றுக் கரடுமுரடாகப் படுகிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் அதைச் செதுக்கித் தாருங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலித்தணிப்புக்காக வீடு வீடாகப் போகும் செவிலியர்கள் இந்தக் குழுவில் இருந்தால், ‘மீறுவலி’யை நோயாளி வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
செவிலிய ஆசிரியை, மதுரை