இதை ஒருக்கா வாசித்துப் பாருங்கோ: கைமாறி வந்த நம் புத்தகங்கள்

நல்லூரிலிருந்து ஒரு ஆசிரியை:

'பொன்னியின் செல்வ'னை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அது எப்படியோ எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடும். எனக்குக் கவலை நம்முடைய எழுத்தாளர்களைப் பற்றித்தான். என் அக்காவின் மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்தவன், நன்றாக வாசிப்பவன். யாழ்ப்பாணத்து நாவல் ஒன்றின் பெயர் சொல்லு என்று கேட்டேன். யோசித்தான், வரவில்லை. அவனில் பிழை இல்லை. அவன் கையில் யாரும் ஒன்றைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இங்கே ஒரு வேண்டுகோள். இந்த மண்ணிலிருந்து வந்த ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள். அது உங்களிடம் எப்படி வந்தது, வாசித்தபோது என்ன நடந்தது, யாருக்குக் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். என் முதல் நியமனம் நெடுந்தீவில். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம் கடல்தான். கூடப் படிப்பித்த ஒரு ரீச்சர், "அங்கை போறதெண்டால் இதை வாசிச்சிட்டுப் போ" என்று செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலைத் தந்தார். 1970களில் வந்த நாவல், 1978இல் படமாகவும் வந்தது. நான் அதைப் படகிலேயே வாசிக்கத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த ஒரு ஐயா அட்டையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உது எங்கட ஊர்க் கதையெல்லோ" என்றார்.

அதற்குப் பிறகு வாசிக்க விடவில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் எந்த மாதத்தில் அடங்கும், வடக்கிலிருந்து வரும் வாடை எப்போது எழும்பும், வாடை தொடங்கியதும் வெளியூர் ஆட்கள் வந்து எந்தக் கரையில் வாடி (மீனவர் குடில்) போடுவார்கள், ஊரில் யாரோடு அவர்கள் கொழுவுப்படுவார்கள் என்று எல்லாம் சொன்னார். கரை தெரிந்ததும் கையை நீட்டி இடத்தையும் காட்டினார். நாவலை அவர் வாசித்திருக்கவில்லை. அந்த வாழ்க்கையை அறிந்திருந்தார்.

அன்றிரவு விடுதியில் மிச்சத்தை வாசித்தபோது, கடலும் காற்றும் அந்த நாவலில் சும்மா அலங்காரமாக வரவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. காற்று திரும்பினால் தொழில் மாறும். தொழில் மாறினால் புது ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் காதல் வரும், பகை வரும், ஊர் கலங்கும். க. குணராசா என்ற இயற்பெயர் கொண்ட செங்கை ஆழியான் புவியியல் படித்தவர், அரச உத்தியோகத்தில் பல இடங்களைப் பார்த்தவர். அந்தப் படிப்பு நாவலுக்குள் இருக்கிறது. தீவுப் பகுதிக்கு வேலைக்குப் போகிற எவருக்கும் நான் கொடுக்கிற புத்தகம் இது.

கோண்டாவிலிலிருந்து:

நான் சொல்ல வந்தது கே. டானியலின் 'பஞ்சமர்'. யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையைப் பற்றிய நாவல், 1972இல் வெளிவந்தது.

எனக்கு அதைத் தந்தது ரியூசனில் வரலாறு படிப்பித்த ஒரு சேர். பழைய பேப்பரில் சுற்றித் தந்து, "வீட்டிலை ஆரும் கேட்டால் நான் தந்ததெண்டு சொல்லு" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சாதியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. கதைக்காததால் அது இல்லை என்றே நான் நினைத்து வளர்ந்தேன்.

அப்பாச்சிக்கு அந்த நேரம் கண் பார்வை குறைந்துவிட்டது. பின்னேரத்தில் விறாந்தையில் இருந்தபடி ஏதாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பேப்பர் வாசிப்பேன், சில நாளில் கந்தபுராணம். அன்றைக்கு என் கையில் இருந்தது இந்த நாவல். சரி, இதையே வாசிப்போம் என்று தொடங்கினேன். முதலில் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர்க்கடைப் பிரச்சினை வருகிற இடத்தில், "நிப்பாட்டு" என்றார்.

கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் எங்கள் சந்தியில் முன்பு இருந்த ஒரு தேத்தண்ணிக் கடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். யார் உள்ளே இருந்து குடிக்கலாம், யார் வெளியில் நிற்க வேண்டும், வெளியில் நிற்பவருக்கு எதில் ஊற்றிக் கொடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரின் பெயரையும் சொன்னார். "அவன் நிண்ட இடம் இப்பவும் எனக்குத் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வாசி, நிப்பாட்டாதை" என்றார்.

புத்தகம் முடியும்வரை ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான் போனது. நான் ஒரு பக்கம் வாசிப்பேன், அவர் ஊர்க் கதை ஒன்று சொல்வார். தீண்டாமைக்கு எதிராக 1966இல் சுன்னாகத்திலிருந்து தொடங்கிய ஊர்வலம், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் எல்லாம் எனக்குப் பாடப்புத்தகத்தில் வராத வரலாறு. அப்பாச்சிக்கு அவை கண்ணால் கண்டும் காதால் கேட்டும் வைத்திருந்த செய்திகள். டானியல் வெளியில் நின்று பார்த்து எழுதியவர் இல்லை. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தில் முன்னுக்கு நின்று வேலை செய்தவர். அதனால்தான் அந்த நாவலில் வரும் பேச்சு இவ்வளவு உயிரோடு இருக்கிறது.

குறை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. சில இடங்களில் பாத்திரம் பேசுவதை விட இயக்கம் பேசுகிறது. கதை அங்கங்கே அலைகிறது. ஆனால் யாழ்ப்பாணத்தைப் பற்றி உண்மையாக ஒன்றை அறிய விரும்புகிற ஒருவருக்கு, அழகாகக் கட்டப்பட்ட வேறு பத்து நாவல்களுக்கு முன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன். முடித்தவர்கள் அவருடைய 'தண்ணீர்' நாவலையும் தேடுங்கள். நம் ஊர்க் கிணறுகளைப் பழையபடி பார்க்க முடியாது.

டானியல் 1986இல் தஞ்சாவூரில் காலமானார். அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவனுடைய வீட்டில் அதை எரிச்சலோடு திருப்பி அனுப்பினார்கள். அவனோ பிறகு என் வீட்டுக்கு வந்து, விறாந்தையில் அப்பாச்சிக்குப் பக்கத்தில் இருந்து வாசித்து முடித்துவிட்டுப் போனான்.

கொக்குவிலிலிருந்து:

மேலே எழுதியதை வாசித்துவிட்டு என்னுடையதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம், ஏனென்றால் நான் சொல்வது சிரிக்க வைக்கிற புத்தகம். மஹாகவியின் 'குறும்பா', ஐந்து வரி நகைச்சுவைக் கவிதைகள், 1966. அளவெட்டியைச் சேர்ந்த து. உருத்திரமூர்த்திதான் மஹாகவி.

1995 ஒக்ரோபர் கடைசியில் யுத்தத்தால் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குச் சின்ன வயது. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நகர முடியாமல் நின்றது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அப்பா சைக்கிள் கரியரில் கட்டிய பைக்குள் உடுப்பு, அடையாள அட்டைகள், பத்திரங்கள், அவற்றோடு இந்த மெல்லிய புத்தகம். ஏன் இதை எடுத்தார் என்று அம்மா ஏசினார்.

மீசாலையில் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் பல குடும்பங்கள் ஒன்றாக இருந்தோம். இரவில் பிள்ளைகள் நித்திரை கொள்ள மாட்டார்கள், அழுவார்கள். அப்பா ஜாம் போத்தல் விளக்குக்குப் பக்கத்தில் இருந்து குறும்பாக்களை வாசிப்பார். முத்துக் குளிக்கப் போனவன் காலனுக்கே கையூட்டுக் கொடுத்துத் தப்புகிற ஒன்று உண்டு. பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஐந்து வரி என்பதால் கேட்டவுடனேயே பாடமாகிவிடும். பெரியவர்களும் சிரித்தார்கள். அந்த நாட்களில் பெரியவர்கள் சிரிப்பதைப் பார்ப்பது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

கவிதை என்றால் விளங்காது என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதைக் கொடுங்கள். அப்புறம் அவருடைய 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' பக்கம் அவர்களே வருவார்கள்.

பருத்தித்துறையிலிருந்து:

நாவல் வாசிக்க நேரமில்லை என்பவர்களுக்கு ஒரே ஒரு சிறுகதை போதும்: இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்'. புதிதாகக் கலியாணம் செய்தவர்கள் மாட்டு வண்டியில் வல்லிபுரக் கோயிலுக்கு வருகிறார்கள், பாதசரம் தொலைகிறது. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அவர் இறந்ததற்கு அடுத்த வருடம், 1962இல், இதே பெயரில் தொகுப்பு வந்தது. நானும் மனைவியும் கலியாணம் முடித்த புதிதில் வல்லிபுரத்துக்குப் போனபோது, கோயில் வீதி மணலில் இருந்து இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை வாங்கி முழுவதையும் வாசித்துவிட்டார். இப்போது என்னை விட அவருக்குத்தான் இலங்கையர்கோனைப் பற்றிக் கூடத் தெரியும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து:

பெண்பிள்ளைகளுக்கு 'சொல்லாத சேதிகள்' தொகுப்பைக் கொடுங்கள். 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. பத்துப் பெண்களின் கவிதைகள். சிவரமணி, ஊர்வசி, ஔவை, மைத்ரேயி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். நான் கம்பஸுக்கு வந்த வருடம் விடுதியில் ஒரு அக்கா தன் கொப்பியில் இவற்றில் பலதைக் கையால் எழுதி வைத்திருந்தார். நான் முதலில் வாசித்தது அந்தக் கொப்பியில்தான். பிறகே அச்சுப் புத்தகத்தைக் கண்டேன்.

அக்காவின் எழுத்தில் வாசித்தபோது, அவை அவரே எழுதியவை என்றே நம்பினேன். அவ்வளவு கிட்ட இருந்தன. வீட்டுக்குள் பெண்ணுக்கு என்ன நடக்கிறது, வெளியில் துவக்குகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்ற இரண்டையும் ஒரே குரலில் சொன்னவர்கள் அவர்கள். சிவரமணி 1991இல் தன் கவிதைகளைத் தன் கையாலேயே எரித்துவிட்டு உயிரை விட்டார். மற்றவர்களிடம் இருந்தவை மட்டுமே மிஞ்சின. ஒரு கவிதையைக் கொப்பியில் எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அதை அறிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதலாம் வருடத்துக்கு வருகிற தங்கச்சிமாருக்கு நானும் எழுதிக் கொடுக்கிறேன்.

யாழ். நகரிலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்:

டொமினிக் ஜீவாவை யாரும் சொல்லவில்லையே. 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இதழை அவர் கையில் கட்டாகக் கொண்டு திரிந்து விற்றதை நான் பார்த்திருக்கிறேன். கஸ்தூரியார் வீதியில் சலூன் வைத்திருந்த குடும்பம். சாதி சொல்லிப் பழித்த வகுப்பறையை விட்டு வெளியேறிய பிள்ளை, பிறகு பேராசிரியர்களும் எழுதக் காத்திருந்த ஒரு சஞ்சிகையை நடத்தினார். அதை அவரே சொல்கிற தன்வரலாறு 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. "காசு தந்து வாங்குங்கோ, அப்பதான் வாசிப்பியள்" என்று எனக்குச் சொல்வார். நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், வாசிக்கவும் செய்தேன்.

வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினருக்கு, எஸ். பொன்னுத்துரையின் 'நனவிடை தோய்தல்' நல்லது. அவர்கள் தேடி வருகிற பழைய யாழ்ப்பாணம் அதில் இருக்கிறது.

சுன்னாகத்திலிருந்து:

எல்லாம் சரி, இவற்றில் பாதி கடையில் கிடைப்பதில்லையே. அதோடு இன்னொன்று. என் பேத்திக்குப் பத்து வயது. தமிழ்ப் புத்தகம் என்றாலே போனை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். மேலே சொன்னவை அவளுக்குப் பாரம். என்ன கொடுக்கலாம்?

நல்லூர் ஆசிரியை:

கிடைக்காதவற்றை முதலில் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி ஏற்றி வருகிறார்கள். இலவசமாக வாசிக்கலாம். ஊர் வாசிகசாலை அலுமாரிகளையும் ஒருக்காத் திறந்து பாருங்கள். என்னிடம் உள்ள பழைய பதிப்புகள் பல அப்படித்தான் முதலில் கண்ணில் பட்டவை. 'பஞ்சமர்' வேண்டுமென்றால் என் பிரதியைத் தருகிறேன்.

பேத்திக்கு, ஐயா, செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' சரியாக இருக்கும். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே கால் வைக்காத ஒரு ஆச்சி கதிர்காமத்துக்கு வெளிக்கிடுகிற கதை. நல்ல சிரிப்பு. புத்தகத்தை அவளிடம் கொடுக்காதீர்கள். நீங்களே எடுத்து ஒரு அத்தியாயத்தைச் சத்தமாக, ஆச்சியின் குரலிலேயே வாசித்துக் காட்டுங்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போங்கள். மிச்சத்தை அவளே தேடி எடுப்பாள். என் அக்காவின் மகனுக்கும் இதையேதான் செய்யப் போகிறேன், அவன் பெரியவன் என்றாலும்.