வஞ்சிரம் வயிற்றில் கிடைத்த செவிக்கல்லை வைத்து இரை மீனின் அளவைக் கணக்கிடலாமா?

கடலோரன்:
வயிறுகளில் சதை கரைந்துபோய் 40 செவிக்கற்கள் (மீனின் உட்காதில் இருக்கும் சிறு கற்கள்) மட்டும் மிஞ்சியுள்ளன. பெரும்பாலும் மத்தி. பாதிக்கு மேல் முனை ஒடிந்தவை. இவற்றிலிருந்து மீனின் நீளம், எடை எடுக்க முடியுமா?

பாசிமணி:
முடியும். ஒடிந்த கல்லில் மட்டும் நீளத்தை அளக்காதீர்கள். மத்தியின் பெரிய கல்லில் (சஜிட்டா) மூக்கு மாதிரி முன்னால் நீண்டிருப்பதுதான் முதலில் ஒடியும். கல்லின் அளவிலிருந்து மீனின் அளவைக் காணும் சமன்பாட்டை, கல்லின் அகலத்துக்கும் ஒன்று போட்டுவைத்தால் ஒடிந்ததும் வீணாகாது.

வேறு கடற்கரையின் சமன்பாட்டைக் கடன் வாங்க வேண்டாம். மெதுவாக வளர்ந்த மீனுக்கு அதே நீளத்தில் கல் பெரிதாக இருக்கும். உங்கள் கரையிலேயே 50 மத்தி வாங்குங்கள். சந்தையில் ஒரே அளவாகக் குவிந்திருக்கும், பொடிசையும் பெரிசையும் தேடித்தான் எடுக்க வேண்டும். மீனை அளந்து எடைபோட்ட பிறகு செவுளை அகற்றி, மண்டையோட்டின் அடியைக் கத்தி முனையால் பிளந்தால் இரண்டு பக்கமும் கற்கள் வெள்ளையாகத் தெரியும். சவ்வைத் தண்ணீரில் உரித்து, உலர்த்தி, குப்பியில் போடுங்கள். ஃபார்மலின் கூடவே கூடாது: நாளாக ஆக அது அமிலமாகும், கல்லோ கால்சியம் கார்பனேட்.

மைக்ரோஸ்கோப் ஐபீஸில் உள்ள அளவுகோலை ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். கல், மீன் இரண்டின் அளவுக்கும் மடக்கை எடுத்து நேர்கோடு பொருத்துங்கள். நீங்கள் அளந்த மீன்களைவிடப் பெரிய கல் வந்தால் கோட்டை நீட்டிப் பார்க்காதீர்கள்.

உப்புக்காற்று:
அரிப்பை விட்டுவிட்டீர்களே! இரைப்பை அமிலத்தில் ஓரத்துப் பற்கள் மழுங்கி, நடுப்பள்ளம் மங்கிய கல்லை அளவுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. கல்லின் நீளம் 10% கரைந்தால் மீனின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். எடை நீளத்தின் மும்மடியோடு போவதால் 0.9 × 0.9 × 0.9 = 0.73. அதாவது எடையில் 27% அடிபடும்.

இன்னொன்று, 40 கல் என்பது 40 மீன் ஆகாது. ஒவ்வொரு வயிற்றிலும் இடது, வலது பிரித்து, எது அதிகமோ அதை எண்ணுங்கள்.

கடலோரன்:
நன்றி. 3 கற்கள் மட்டும் தடிமனாக, வேறு மாதிரி இருக்கின்றன. கெளுத்தியா?

பாசிமணி:
பள்ளம் தலைப்பிரட்டை வடிவில் இருந்தால் கத்தாளை. கடல் கெளுத்தியில் பெரிய கல் சஜிட்டா அல்ல, லாபில்லஸ் என்ற இன்னொரு செவிக்கல். விதை போல மொழுமொழுவென்று இருக்கும், அந்தப் பள்ளம் இருக்காது. எதுவானாலும் மத்திச் சமன்பாட்டில் போட்டுவிடாதீர்கள்.