ஹினெப்ராவின் ஏழாவது ஆட்டம்: நேரில் பார்த்தவை

மணிலாவுக்கு வேலைக்குப் போன புதிதில் என்னைக் குழப்பிய விஷயம், அங்கே முதன்மையான தொழில்முறை கூடைப்பந்து லீக்கில் அணிகளுக்கு ஊர்ப் பெயரே கிடையாது என்பதுதான். 1975-இல் தொடங்கிய அந்த பிபிஏ (பிலிப்பைன் கூடைப்பந்து சங்கம்) லீக்கில் எல்லாம் கம்பெனிப் பெயர்கள். நாட்டிலேயே அதிக ரசிகர்களைக் கொண்ட பராங்காய் ஹினெப்ராவும் ஒரு ஜின் பிராண்டின் பெயரைத்தான் சுமக்கிறது. சாராயப் பெயருக்கு இவ்வளவு பாசமா என்று கேட்டால், எங்கள் வீட்டுக்கார அம்மா அணியின் பழைய நட்சத்திரம் ராபர்ட் ஜவோர்ஸ்கியில் இருந்து ஆரம்பிப்பார். 1985-இல் எதிரணி ஆட்டக்காரரின் முழங்கை பட்டு ஜவோர்ஸ்கிக்கு உதடு கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்பது தையல் போட்டுக்கொண்டு, அதே ஆட்டத்துக்குத் திரும்பி வந்து அணியை ஜெயிக்க வைத்தார். தோற்கும் நிலையிலும் விடாத அணி என்ற பெயர் அப்போது வந்தது.

அந்த அம்மா சந்தையில் மீன் விற்பவர். 2016 இறுதிப் போட்டியைச் சொல்லும்போது கையில் கத்தி இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வார். அதற்கு முன் எட்டு வருஷமாக ஹினெப்ராவுக்குக் கோப்பை இல்லை. அணியின் வெளிநாட்டு ஆட்டக்காரர் பால் ஹாரிஸ் அடிபட, அவருக்குப் பதிலாக வந்த அமெரிக்கர் ஜஸ்டின் பிரவுன்லி. இறுதியில் முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கும் அணிக்குத்தான் கோப்பை. எதிரணி மெரால்கோவுடன் ஆறாவது ஆட்டம், 88-88. கடைசி நொடியில் பிரவுன்லி தூரத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்து உள்ளே விழுந்தது. சந்தையில் பக்கத்துக் கடைக்காரர்கள் அழுததாகச் சொல்வார்.

சரி, நான் பார்த்த சீசனுக்கு வருகிறேன். பிபிஏ போட்டிகளில் ஒன்றான கமிஷனர்ஸ் கோப்பையில், 2022-23-இல், ஹாங்காங்கைச் சேர்ந்த பே ஏரியா டிராகன்ஸ் விருந்தினர் அணியாக வந்து இறுதி வரை முன்னேறியது. நல்ல உயரமான, கட்டுக்கோப்பான அணி. ஹினெப்ராவும் அவர்களும் மூன்றுக்கு மூன்று என்று சமனாகி, 2023 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை ஏழாவது ஆட்டம். இடம் புலகானில் உள்ள பொகாவே, பிலிப்பைன் அரீனா.

சாலை முழுக்கச் சிவப்புச் சட்டை. பைக்கில் மூன்று பேர், முன்னால் உட்கார்ந்த குழந்தைக்கும் சிவப்புதான். எங்களுக்குக் கிடைத்தது மேல் அடுக்கு. அங்கிருந்து ஆட்டக்காரர்கள் விரல் நுனி அளவுதான், பாதி நேரம் பெரிய திரையைத்தான் பார்த்தேன். ஆனால் "ஹி-னெப்-ரா!" என்று கூட்டம் அசையசையாகக் கத்தும்போது காலடியில் கான்கிரீட் அதிர்வது நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு வந்தவர்கள் 54,589 பேர், லீக்கில் அதுவரை இல்லாத கூட்டம். பழைய சாதனையும் ஹினெப்ராவுடையதுதான், இதே அரங்கில் 2017-இல் 54,086.

பிரவுன்லி 34 புள்ளிகள் எடுத்தார். எனக்குப் பிடித்தது அவர் புள்ளி எடுத்தது அல்ல, இரண்டு பேர் சூழ்ந்ததும் பதறாமல் பந்தை ஆளில்லாத இடத்துக்கு அனுப்பியது. அங்கே ஜேமி மலோன்ஸோவோ ஸ்காட்டி தாம்ஸனோ நின்றிருப்பார்கள். 114-99 என்று முடிந்தது. கோச் டிம் கோனுக்கு அது 25-ஆவது கோப்பை. பக்கத்து இருக்கைப் பெரியவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார்.

டிராகன்ஸின் ஆண்ட்ரூ நிக்கல்சன் கணுக்கால் காயத்தால் அன்று ஆடவில்லை, அவர் இருந்திருந்தால் கதையே வேறு என்று பலர் வாதாடுவார்கள். அவர் பெரிய ஆட்டக்காரர்தான். ஆனாலும் அந்த வெற்றியில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கூட்டத்தின் முன்னால், ஆட்டத்தின் அந்த நாலு கால் பகுதிகளிலும், ஹினெப்ரா ஆடியது உண்மையிலேயே உயர்ந்த ஆட்டம்.

அதே ஜனவரியில் பிரவுன்லிக்குப் பிலிப்பைன்ஸ் குடியுரிமையும் வந்தது. அப்புறம் அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், கோன் பயிற்சியில், அரையிறுதியில் சீனாவை 77-76 என்று சாய்த்து, இறுதியில் ஜோர்டானையும் வென்று, 1962-க்குப் பிறகு முதல் தங்கத்தை அந்த நாட்டுக்கு வாங்கித் தந்த அணியில் அவர் இருந்தார். சீனாவோடு ஆடிய ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கார அம்மா மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டி, "பார்த்தாயா, நம்ம பையன்!" என்றார்.